தரைச் சூடு

மறுபடியும் அணைந்தது.

முன்னறிவிப்பு இல்லை, பிழைச் செய்தி இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. அதுவரை எதிரியின் கோட்டை வாசலில் வாளைச் சுழற்றிக்கொண்டிருந்த சேரின், கறுத்துப்போன திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டரின் ஃபேன்கள் மெல்லச் சுற்றி ஓய்ந்தன.

"சனியனே, ஒரேயடியா தொலைஞ்சு போ!" என்று திட்டினாள். திட்டிய வேகத்திலேயே பயமும் வந்துவிட்டது. நாளைக்குத் தேர்வை வைத்துக்கொண்டு இப்படியா வாய் விடுவது? "இல்லடா கண்ணு, சும்மா சொன்னேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் மானத்தைக் காப்பாத்திடு" என்று குனிந்து பெட்டியைத் தட்டிக் கொடுத்தாள். பெட்டி என்ன பதில் சொல்லும்? பேசாமல் கிடந்தது.

நாளை மாலை, சியோலில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கேம் டீமின் பயிற்சி அணிக்குத் தேர்வு. மூன்று ஆட்டங்கள். ஆட்டத்தின் நடுவே ஆள் காணாமல் போனால் அத்தோடு சரி, காரணமெல்லாம் கேட்க மாட்டார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் நடந்த முதல் தேர்வில் சேரின் அப்படித்தான் காணாமல் போனாள். அவள் ஆடிய பாதி ஆட்டத்தைப் பார்த்த கோச் பெக் மட்டும் மனசு கேட்காமல், யார் யார் காலையோ பிடித்து இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார்.

"உன் கை நல்ல கைம்மா" என்றார் போனில். "ஆனா இன்னொரு தடவை நடு ஆட்டத்துல மாயமா மறைஞ்சேன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. முதல்ல அந்த மெஷினைச் சரி பண்ணு."

தெருவுக்குத் தெரு கேம் கஃபே இருக்கிற அவள் ஊரான இன்ச்சோனில், அங்கே போய் உட்கார்ந்து ஆடினால் தீர்ந்தது என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. போன வருடம் எவனோ ஒரு புண்ணியவான் கஃபேயில் தன் நண்பனை ஆடவிட்டு, ஆடியது நான்தான் என்று சாதித்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து வீட்டில், சொந்த மெஷினில், கைகளை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எவனோ செய்த பாவம் இவள் தலையில் விடிந்தது.

இதைவிட்டால் அடுத்தது இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பயிற்சி அணிக்கு அவளுக்கு இப்போதே வயது கொஞ்சம் அதிகம். அம்மாவோடும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. இந்தக் குளிர்காலம் மட்டும் விளையாட்டு. கிடைக்கவில்லை என்றால், செர்ரி பூக்கும் வசந்தத்தில் தேஜோனுக்குப் போய், பெரியம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்துவிட வேண்டும்.

அந்த மெஷின் அவளே பார்த்துப் பார்த்துக் கூட்டிய மெஷின். சியோலின் யோங்சான் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, பாதி புதுசு பாதி பழசு என்று சேர்த்து, ஒவ்வொரு திருகாணியும் தன் கையால் முடுக்கியது. கோடை முழுக்க ராஜா மாதிரி ஓடியது. முதல் பனி விழுந்த வாரத்தில்தான் புத்தி பேதலித்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. ரேமைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் குறைத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். பிராசஸரின் சூடு, கார்டின் சூடு என்று ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த எண்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். எல்லா எண்களும் படு யோக்கியமாக இருந்தன. அப்படி யோக்கியமாக இருக்கும்போதே பொட்டென்று அணைந்தது.

கடைசியில் பெட்டியைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் யோங்சானுக்குப் போனாள். அங்கே ஹாம் என்பவர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவளுக்குப் பாதிச் சாமான் விற்றவரும் அவர்தான். மேஜைமேல் ஏற்றி, மெஷினைப் பிழிந்தெடுக்கும் சோதனைகளைக் காலையிலிருந்து மாலைவரை ஓட்டினார். அது இம்மிகூட அசையவில்லை.

"இதுக்கு ஒரு நோவும் இல்ல தங்கச்சி" என்றார் ஹாம், நூடுல்ஸை உறிஞ்சியபடி.

"அண்ணே, வீட்டுல தினம் சாகுதுண்ணே!"

"அப்ப உன் வீட்டைத்தான் ரிப்பேருக்குக் கொண்டுவரணும். யாராச்சும் ஆகாதவங்க இருக்காங்களா வீட்டுல?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். சேரினுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பகலில் அணைவதில்லை. மாலையில்தான் அணைகிறது. அதுவும் அம்மா வேலையிலிருந்து வந்த பிறகுதான். ஒரு நாள்கூட அம்மா வீட்டில் இல்லாதபோது அணைந்ததில்லை. விளையாடி எவள்டி சோறு தின்றாள் என்று வருடம் முழுக்கக் கேட்ட அம்மா.

இப்போது, தேர்வுக்கு முதல்நாள் மாலை, மறுபடி அணைந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த நினைப்பு தலைக்கேறியது. எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மா ஓக்சன், சந்தையில் கறி, ஊறுகாய் வகைகள் விற்கும் கடையில் நாள் முழுக்க முள்ளங்கி நறுக்கிவிட்டு வந்தவள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே அங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய் விளையாடு."

"என்னத்த விளையாட? அணைஞ்சு போச்சு. நீ வந்தாத்தான் அணையுது!"

அம்மா தலையை வெளியே எடுத்தாள். "என்ன சொல்றே?"

"கரன்ட்ட நீதான் புடுங்கிவிடறியாம்மா? ஃபியூஸுல கை வெக்கிறியா? நான் தோத்துட்டு தேஜோனுக்குப் போகணும், அதானே உனக்கு வேணும்? நேராவே சொல்லிடேன்!"

ஓக்சன் எழுந்து நின்றாள். முள்ளங்கித் தண்ணீரில் ஊறிச் சிவந்த விரல்களை மேல்துணியில் துடைத்தாள். "நான் ஏண்டி அதைத் தொடப்போறேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று சேரினுக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து போன சொல் திரும்பி வருமா? அவள் வந்து படுத்துக்கொண்டாள், தூங்கவில்லை.

மறுநாள் மாலை அம்மா கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள். தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. சேரின் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்து, இரண்டு ஒட்டரிசிக் கொழுக்கட்டைகளை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனாள். தேர்வு நாளில் ஒட்டுகிற பண்டம் தின்றால் தேர்வும் ஒட்டிக்கொள்ளுமாம். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு எல்லா அம்மாக்களும் கொடுப்பதுதான். கேம் விளையாடப் போகிற பிள்ளைக்கு எந்த அம்மா கொடுத்தாளோ, தெரியாது. சேரின் தட்டை அப்படியே ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

முதல் ஆட்டம் தொடங்கியது. அவள் ஆடினாள் என்பதைவிட, காதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். ஃபேன் கொஞ்சம் உரக்கச் சுற்றினால் பயமாக இருந்தது. சுற்றாவிட்டால் இன்னும் பயமாக இருந்தது. எப்படியோ அவளுடைய அணியினர் ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் உள்ளங்கை வேர்த்து மௌஸ் வழுக்கியது. இப்ப அணையும், இதோ அணையும் என்று எண்ணி எண்ணியே இரண்டு முறை அநியாயமாகச் செத்தாள். தோற்றார்கள். 'பத்து நிமிட இடைவேளை' என்று திரையில் எழுத்து வந்தது.

எழுத்தோடு திரையும் போயிற்று.

சேரின் பொத்தானை அழுத்தினாள். உயிர் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ம்ஹூம். பின்பக்க சுவிட்சைப் போட்டுப் பார்ப்போம் என்று மேஜைக்கு அடியில் மண்டியிட்டுத் தவழ்ந்து, பெட்டியின் ஓரமாகக் கையை ஊன்றினாள்.

சுட்டது.

குளிர்காலத்தில் தரை சூடாகத்தான் இருக்கும். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற வீட்டில் அதை யார் கவனிப்பார்கள்? தடித்த காலுறையும் அறைச் செருப்பும் போட்டுக்கொண்டிருந்த சேரின் கவனிக்கவில்லை. ஆனால் இது வெறும் சூடு இல்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு. முதல் பனி விழுந்தபோது அம்மா அவள் கால் வைக்கிற இடத்தில் பழைய பஞ்சுக் கம்பளம் ஒன்றை விரித்திருந்தாள். சூடு வெளியே போகாமல் இருக்க எல்லா வீட்டிலும் விரிப்பதுதான். கம்பளத்தின் மேல்தான் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் கால்கள் பஞ்சில் புதைந்து, அடிவயிறு கம்பளத்தோடு ஒட்டிக் கிடந்தது. மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மூச்சு இழுப்பது அந்த அடிவயிற்று வழியாகத்தான்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பிராசஸரின் சூட்டைப் பார்த்தாள், கார்டின் சூட்டைப் பார்த்தாள். பவர் சப்ளையின் சூட்டுக்குத் திரையில் எண்ணே கிடையாது. அது வெந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. ஹாம் அண்ணன் மேஜைமேல் வைத்து ஓட்டினார், அங்கே எப்படி அணையும்? பகலில் பாய்லர் ஓடாது. அம்மா வந்த பிறகுதான் ஓடும்.

ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியிலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. கம்பளத்தை உருவி எறிந்தாள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைக்க ஏதாவது வேண்டும். அம்மா அறையில் மடக்குக் கால் சாப்பாட்டுப் பலகை இருக்கும். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மா வெளியே போகும்போது போடும் கனத்த கோட்டோடு, தலையில் கம்பளித் தொப்பியோடு, பலகை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. ஓடியதில் செருப்பு கழன்றிருந்தது, உள்ளே காலை வைத்த சேரினுக்குக் காலுறையைத் தாண்டிச் சில்லென்று ஏறியது. தெருவில் நிற்பதுபோல் இருந்தது அந்த அறை.

"அம்மா... தரை ஏன் இப்படி இருக்கு?"

"பழைய பாய்லருடி. எல்லா ரூமையும் திறந்துவிட்டா எதுலயும் ஒழுங்கா ஏறாது. இதை மூடினாத்தான் உன் ரூமுக்கு நல்லா வருது." அம்மா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "விரல் வெறச்சா எப்படி விளையாடுவே? ஏன், முடிஞ்சிருச்சா? அணைஞ்சிருச்சா?"

சேரின் பலகையைக் காட்டினாள். "பலகை வேணும்" என்றாள்.

எதற்கு என்று ஓக்சன் கேட்கவில்லை. சூப்புக் கிண்ணத்தை ஒரு கையிலும் சோற்றுக் கிண்ணத்தை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டாள். ஊறுகாய்த் தட்டை முழங்கையால் தரைக்கு நகர்த்தினாள். "எடுத்துட்டுப் போ, போ" என்றாள்.

பெட்டியைப் பலகைமேல் ஏற்றி, ஜன்னல் பக்கம் நகர்த்தி, ஒயர்களை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வாழ்க்கையில் வேண்டிக்கொள்ளாத தெய்வமெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மறுபடி அழுத்தினாள். ஃபேன் ஒரு சுற்று தயங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. கோச் பெக்கின் குரல் ஹெட்செட்டில் கேட்டபோது இடைவேளை முடிய ஒரு மூச்சுதான் மிச்சம்.

"சேரின், இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்! இங்கதான் இருக்கேன்!"

மூன்றாவது ஆட்டத்தைத் திறந்த ஜன்னலோடு ஆடினாள். பனித்தூள் கீபோர்டுமேல் வந்து விழுந்தது. விரல் விறைத்தது, மூக்கு ஒழுகியது, கேமராவுக்கு முன்னால் துடைக்கவும் முடியவில்லை. மெஷின் அணையவில்லை. அவள் பெட்டியின் சத்தத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தாள். முதல்முறையாக அன்று தன் ஆட்டத்தை ஆடினாள்.

முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். தொட்டிக்கு அடியில் மண்டியிட்டாள். அங்கே அறைக்கு ஒன்றாக, வரிசையாக வெந்நீர்க் குழாய் வால்வுகள். ஒன்றே ஒன்று முழுக்கத் திறந்திருந்தது. மூடியிருந்த ஒன்றை இரண்டு கையாலும் திருகித் திறந்தாள். தண்ணீர் அம்மாவின் அறைப் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது.

"அதை ஏண்டி தொட்டே?" வாசலில் ஓக்சன் நின்றிருந்தாள்.

சேரின் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். கம்பளம், சூடு, பெட்டியின் மூச்சு, எல்லாவற்றையும் சொன்னாள். ஓக்சன் கேட்டுக்கொண்டே நின்றாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்ப நான்தான் அணைச்சிருக்கேன்" என்றாள். "நீ சொன்னது சரிதான்."

"அப்படிச் சொல்லாதம்மா!" சேரின் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நேத்து நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. என்னை மன்னிச்சிடும்மா."

"சரி, விடு. மூக்கைத் துடை."

சேரினின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கோச்சிடமிருந்து செய்தி. சேரின் சத்தமாகப் படித்தாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். டீம் தங்கும் வீட்டில் குளிர் அதிகம், நல்ல கம்பளம் ஒன்று கொண்டு வரவும் என்று கடைசியில் எழுதியிருந்தது.

ஓக்சன் சேரினின் அறைக்குள் போனாள். மூலையில் சுருண்டு கிடந்த பழைய கம்பளத்தை எடுத்து உதறினாள், மடித்தாள். மடித்ததைக் கொண்டுவந்து சேரினிடம் நீட்டினாள்.

"இதை மெஷினுக்கு அடியில போட்டுடாதடி" என்றாள்.