எலுமிச்சம்பழக் குழி

அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எடுக்கத்தான் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

2004ஆம் வருடம். குரும்பலூர்க்காரர் ஒருவர் புது இண்டிகோ கார் வாங்கி, சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் பூசை போட்ட கையோடு பெரம்பலூர் துறைமங்கலத்தில் இருந்த ‘துரை கார் ஆடியோ’ கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் வைக்க வேண்டும், பாட்டுப் போட்டால் முதுகில் வந்து இடிக்க வேண்டும், ஆனால் டிக்கியில் சாமான் வைக்கிற இடம் மட்டும் குறையக் கூடாது என்றார். அந்தக் காலத்தில் ஊஃபர் பெட்டி என்றால் பலகையில் அடித்த சதுரப் பெட்டிதான். அதைத் தூக்கி டிக்கியில் வைத்தால் அப்புறம் ஒரு மஞ்சள் பைக்குக் கூட இடம் இருக்காது. இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று வேறு யாராவது திருப்பி அனுப்பியிருப்பார்கள். கடைக்காரன் சின்னதுரை, கடை போடுவதற்கு முன்னால் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன். டிக்கியின் ஓரத்தில் சக்கரத்துக்குப் பின்னால் எதற்கும் உதவாத ஒரு பள்ளம் இருக்கிறதே, அந்தப் பள்ளத்தை அப்படியே ஃபைபரில் வார்த்து எடுத்து அதையே பெட்டியாக்கினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

பள்ளத்தின் மூலையில் பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழம் ஒன்று குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

“அத மட்டும் தொட்டுடாதீங்க. அம்மன் பழம். வச்ச எடத்துலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டிக்காரர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

சின்னதுரையின் மனைவி மேகலாவுக்குத் தம்பி பிரசாத். ஃபைபர் வேலையில் சின்னதுரைக்கு வலது கை அவன்தான். வண்டிக்காரர் தலை மறைந்ததும் பழத்தை எடுக்கக் கை நீட்டினான்.

“வேணாம் மாப்ள. நாளைக்கு இந்த வண்டி எங்கயாவது புளியமரத்துல முட்டுனா, பழத்த எடுத்தவன் யாருன்னு நம்மளத்தான் தேடி வருவாங்க.”

“அப்ப பழத்துக்கும் சேத்துப் பெட்டி செய்வோமா மாமா?”

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அப்படித்தான் செய்தார்கள். பள்ளம் முழுக்கக் காகித டேப் ஒட்டி, பழத்தின் மேலும் ஒட்டி, மெழுகு தடவி, கண்ணாடி நார் விரிப்பைத் துண்டு துண்டாகப் பரப்பி ரெசின் பசை பூசினார்கள். காய்ந்ததும் இழுத்தால், பள்ளத்தின் ஒவ்வொரு வளைவும் பதிந்த ஒரு கூடு முழுசாகக் கையில் வந்தது. அதன் முதுகில், மூலையில், ஒரு பழம் உட்காருகிற அளவுக்குச் சின்னக் குழி. உருண்டையின் மேல் விரிப்பு சரியாகப் படியாமல் அந்த இடம் மட்டும் மெலிந்து போயிருந்ததால், உட்பக்கம் தனியாக ஒரு துண்டு வைத்து இன்னொரு பூச்சுப் பூசினான் சின்னதுரை. முன்பக்கத்தில் ஊஃபர் உட்காரப் பலகை வளையம் வைத்து, பனியன் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேலும் ரெசின் பூசி, பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து முடித்தபோது, பெட்டி டிக்கியோடு பிறந்தது மாதிரி இருந்தது.

மூன்றாவது ஆள் வைத்திலிங்கம். சின்னதுரையோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஒயர் இழுப்பது, ஆம்ப் பொருத்துவது, சத்தம் சரிபார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பெட்டிக்குள் போடுகிற ஒயர் இணைப்பின் மேல் டேப் சுற்றி, அதற்கு மேல் மெழுகு தடவிய நூலால் ஒரு முடிச்சுப் போடுவான். பெட்டி எவ்வளவு அதிர்ந்தாலும் அவிழாது. அவனுக்கு இளைப்பு உண்டு. ரெசின் டப்பாவைத் திறந்தாலே நெடி தாங்காமல் டீக்கடைக்குப் போய்விடுவான். பெட்டி காருக்குள் உட்கார்ந்து, முகம் மட்டும் தெரியும்போதுதான் திரும்பி வருவான். அதன் முதுகை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இனி வருகிற இண்டிகோக்களில் ஒவ்வொரு தடவையும் டேப் ஒட்டி மாரடிக்க முடியாது என்று அந்தக் கூட்டை வைத்தே ஓர் அச்சு எடுத்துக்கொண்டான் சின்னதுரை. குழியைப் பட்டி போட்டு மூடிவிட்டு எடுத்திருக்கலாம். அம்மன் பழம் இருந்த இடத்தை மூட மனசு வரவில்லை. அதனால் அச்சிலிருந்து வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் குழியும் வந்தது. பிரசாத் ஞாபகமாக அந்த இடத்துக்கு உள்ளே கூடுதல் துண்டு வைப்பான். பெட்டியை மாட்டும்போது குழியில் ஒரு பழமும் வைத்துவிடுவான். வண்டிக்காரர்களுக்கே தெரியாது. பெட்டியின் பேர் பரவி அரியலூர், ஜெயங்கொண்டத்திலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன.

தை மாதம் ஒரு நாள் காலையில் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைத் திறந்தால் அச்சு இல்லை. பூட்டு உடையவில்லை, கூரை பிரியவில்லை. சாவி இருந்தது இவர்கள் மூவரிடம் மட்டும்தான்.

சின்னதுரைக்கு ஒரு குணம். கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுவான். சந்தேகம் வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். உட்கார வைத்து இரண்டு பேரிடமும் நேராகக் கேட்டிருந்தால் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். இந்தப் பெரிய மனுஷன் அம்மனைக் கேட்கப் போனான். சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் திங்கட்கிழமை வரை காத்திருந்து இருவரையும் கூட்டிப் போனான். சாமி முன்னால் சூடம் கொளுத்தி, ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது ஊர் நம்பிக்கை. அணைத்துவிட்டவனை அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

வைத்திலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டு முன்னால் வந்தான். “ஆத்தா மேல சத்தியமா அந்த அச்சு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லிப் பட்டென்று அடித்து அணைத்தான். கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

பிரசாத் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

“வா மாப்ள” என்றான் சின்னதுரை.

“நான் எடுக்கல மாமா.”

“அதத்தான் சூடத்துல சொல்லு.”

“உங்ககிட்ட சொல்லிட்டேனே. என் வார்த்தைய நம்பாதவங்க சூடத்த மட்டும் எப்படி நம்புவீங்க? நான் அணைக்க மாட்டேன்.”

திருடனுக்குத்தான் சூடம் பயம் என்று சின்னதுரை முடிவு கட்டிவிட்டான். கோயில் வாசலிலேயே சாவியைக் கேட்டான். பிரசாத் அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான். அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அப்புறம் தெரிந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. வைகாசியில் சின்னதுரை தன் மகள் பிரவீணாவுக்குக் காது குத்த நாள் பார்த்தான். குழந்தையை மடியில் வைக்க வேண்டியது தாய்மாமன் பிரசாத்.

“தம்பி வரட்டுங்க. காது குத்துறது அடுத்த வருஷமும் குத்தலாம்” என்றாள் மேகலா.

“சூடத்தப் பாத்து ஓடுனவன் மடியிலயா எம் புள்ளய வைக்கிறது?”

வைத்திலிங்கத்தின் வீட்டுக்கே போய் அவனைக் கேட்டான். வைத்திலிங்கம் கொஞ்சம் யோசித்தான். பிறகு, “மேகலா எனக்குத் தங்கச்சி மாதிரிதானேடா” என்று சொல்லி, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. மேகலா தூண் ஓரமாக நின்று வேறு பக்கம் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு பேச்சு எடுக்கவில்லை.

ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ரெட்டிபாளையத்து லாரிக்காரர் கொளஞ்சியப்பன் தன் இண்டிகோவை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வைத்திலிங்கம் அன்றைக்கு இல்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சில மாதங்களாகச் செவ்வாய்க்கிழமைதோறும் அரியலூர் போய்க்கொண்டிருந்தான்.

“பாட்டுப் போட்டா பின்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வருதுங்க. அரியலூர்ல மாட்டுனது. இங்க நல்லாப் பாக்குறாங்கன்னாங்க, அதான் வந்தேன்.”

டிக்கியைத் திறந்ததும் சின்னதுரை குனிந்து பெட்டியைத் தடவிப் பார்த்தான். கறுப்புக் கார்பெட் ஒட்டி முகத்தை மாற்றியிருந்தார்கள். உடம்பின் வளைவு அவன் அச்சின் வளைவு. திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தான். முதுகில், மூலையில், எலுமிச்சம்பழக் குழி. பழம் இல்லை. குழியின் நடுவில் வெடிப்பு விட்டிருந்தது. காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஊஃபரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினான். கூடுதல் துண்டு வைக்கவில்லை.

பிரசாத்தாக இருந்தால் வைத்திருப்பான். தூக்கத்தில் செய்தாலும் வைத்திருப்பான். அச்சைக் கொண்டுபோனது இந்தக் குழி எதற்கென்றே தெரியாத ஆள்.

விரலில் இன்னொன்று தட்டுப்பட்டது. ஒயரைப் பிடித்து வெளியே இழுத்தான். டேப்பின் மேல் மெழுகு நூல் முடிச்சு.

“மாட்டுனது யாருங்க?” என்று கேட்டான்.

“கடை அவரு மச்சினன் பேர்ல இருக்கு. பெட்டி வாக்குறது மச்சினன். ஒயர் மாட்டுறவரு செவ்வாக்கெழம மட்டும் வருவாரு. வைத்தின்னு கூப்புடுவாங்க. ஏன், தெரிஞ்சவரா?”

“தெரிஞ்சவன்தாங்க” என்றான் சின்னதுரை. பெட்டியைச் சரிபண்ணி வைப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினான்.

மறுநாள் காலையில் வைத்திலிங்கம் கடைக்கு வந்தபோது, பெட்டி நடுக்கடையில் கவிழ்ந்து கிடந்தது. முடிச்சு மேலே தெரியும்படி ஒயர் வெளியே தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா” என்றான் சின்னதுரை.

“போர்டுல யாரு பேரு இருக்கு துரை? வர்றவன் எல்லாம் துரை பெட்டி, துரை பெட்டிங்கிறான். நான் ஒயர் இழுக்குற ஆளு. உங்கிட்ட கேட்டு வாங்கி வாங்கி எனக்கு அலுத்துப் போச்சு.”

“அதுக்கு ஆத்தா முன்னாடி பொய்யாச் சூடத்த அணைப்பியா?”

“அணைக்கலன்னா நீ நம்பியிருக்க மாட்ட. நீ நம்பணும்னுதான் அணைச்சேன்.”

சின்னதுரைக்கு அடிக்கத்தான் கை எழுந்தது. பாதியில் விழுந்துவிட்டது.

“எம் புள்ளய மடியில வச்சியேடா. அப்பக்கூட உனக்கு ஒண்ணும் தோணலையா?”

வைத்திலிங்கம் முதல் முறையாகத் தலை குனிந்தான். “நான் வரேன்னு சொல்லல. நீயா வூடு தேடி வந்து கூப்புட்ட” என்று சொல்லி, சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சின்னதுரை கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் மேகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. “எங்கிட்ட ஏன் சொல்றீங்க? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க” என்றாள்.

பஸ் பிடித்து அரியலூர் போய், அங்கிருந்து ரெட்டிபாளையத்துக்கு மாறினான். ஆலைக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பிரசாத் உட்கார்ந்திருந்தான். தலைமுடியும் புருவமும் சிமெண்டில் வெளுத்திருந்தன. மாமாவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றான்.

சின்னதுரை நின்றபடியே குழி, வெடிப்பு, முடிச்சு என்று ஒன்று விடாமல் சொன்னான். கடைசியில், “தப்பு பண்ணிட்டேன் மாப்ள. வூட்டுக்கு வந்துடு” என்றான்.

“கூடுதல் துண்டு வைக்கலையா? அப்ப வெடிக்கத்தான் செய்யும்” என்றான் பிரசாத். அவன் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

“அன்னைக்கே நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்டா.”

“நீங்க என்னையா கேட்டீங்க மாமா? சூடத்தத்தானே கேட்டீங்க. அது சொன்னத நம்புனீங்க.”

உள்ளே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிரசாத் தூக்கை மூடினான். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கேட்டை நோக்கிப் போனான். நாலு எட்டு வைத்தவன் நின்று திரும்பினான்.

“பாப்பாவுக்குக் காது குத்தியாச்சுன்னு கேள்விப்பட்டேன். யாரு மடியிலன்னும் கேள்விப்பட்டேன்.”

சின்னதுரை இரண்டு எட்டு கிட்டே போனான்.

“புண்ணு ஆறிடுச்சா மாமா?”

“ஆறிடுச்சு மாப்ள.”

“சரி. அப்ப நான் போறேன், லோடு நிக்குது” என்று சொல்லிவிட்டு பிரசாத் உள்ளே போனான்.