முக்காலியில் ஒரு பேராசிரியை

காலை எட்டே முக்காலுக்குக் கொழுந்தன் அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்தான். சமையலறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பேராசிரியை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார்.

"அது என் பேருக்கு வந்த கடிதம்" என்றாள் மருமகள்.

"இந்த வீட்டுக்கு வந்துச்சு. வீட்ல ஆம்பளைன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல? படிச்சுப் பாத்துட்டேன். உனக்குத் தேவையில்லாத சமாச்சாரம்."

"ஆஸ்பத்திரி முத்திரை இருந்துச்சே?"

மாமியார் வெங்காயம் உரித்தபடியே பதில் சொன்னாள். "புருஷன் போய் ரெண்டு வருஷம்கூட முழுசா முடியல. அதுக்குள்ள சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு வேலைக்குக் கிளம்பினா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரை மருமகள் ஒருநாளும் கண்டதில்லை. புருஷன் இருந்தவரை ஐந்து வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். அவன் போன மறுமாதமே வேலையை விடச் சொன்னார்கள். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவள் தலையில் விழுந்தன. அவளுடைய கைபேசி மாமியாரின் இடுப்புக்குப் போயிற்று. பழைய தோழியான ஒரு செவிலி மூலம் ரகசியமாக மறுபடி விண்ணப்பித்திருந்தாள். அதற்கு வந்த பதில்தான் இப்போது சாம்பலாகிக்கொண்டிருந்தது.

கணவனை இழந்த பெண்களின் அன்றாட வாழ்க்கையை வீடுவீடாக உட்கார்ந்து பார்த்து எழுதுவது பேராசிரியையின் ஆய்வு. இந்த வீட்டில் அது மூன்றாம் நாள். "நான் இங்க இல்லைன்னே நெனச்சுக்குங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வீட்டில் இல்லாத ஆளாக நடத்துவதற்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்ததால், பேராசிரியைக்கு மணிக்கொரு தடவை காப்பி போனது. போட்டுக் கொடுத்தவள் அந்த இல்லாத ஆள்.

கொழுந்தன் குளிக்கப் போனதும் மருமகள் முக்காலி அருகே வந்தாள்.

"மேடம், அடுப்புல போடறதுக்கு முன்னாடி நீங்க அதை வாங்கிப் பாத்தீங்களே. என்ன எழுதியிருந்துச்சு?"

"பாத்தேன்மா. குறிச்சும் வச்சிருக்கேன். ஆனா சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தா இங்க இயல்பா நடக்கறது மாறிடும்."

"மாறினா நல்லதுதானே?"

"ஆய்வுக்கு நல்லதில்ல." அவர் குரலில் கருணை சொட்டியது. "உங்க வலி எனக்குப் புரியுதும்மா" என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொண்டார்.

மதியம் முன்னறையில் பேட்டி. பேராசிரியை ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினார். கொழுந்தன் கால்மேல் கால் போட்டு நடுவில் உட்கார்ந்தான்.

"இந்த வீட்ல உங்களுக்குச் சுதந்திரம் இருக்கா?" என்று பேராசிரியை அவளைக் கேட்டார்.

"இல்லாமயா?" என்றான் கொழுந்தன். "அண்ணிக்கு இங்க ஒரு குறையும் இல்ல." கருவி ஓடும்போது மட்டும் அவள் அண்ணி.

"வேலைக்குப் போற ஆசை?"

"அண்ணிக்கு அந்த மாதிரி நெனப்பே கிடையாது."

பேராசிரியை தலையாட்டித் தலையாட்டி எழுதினார். கடைசியில் ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்தார். "நானே போட்டுடறேன்" என்று கொழுந்தன் பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் அதற்குள் தாளை இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்."

பரிசோதனை முடிவுகளை வாசித்துப் பழகிய குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "பங்கேற்பவர் தம்மைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளை எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை."

கல்யாணப் பத்திரிகையிலிருந்து புருஷனின் இறப்புச் சான்றிதழ்வரை எந்தக் காகிதமும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?"

"ஆமா... அது வழக்கமா எல்லாருக்கும் குடுக்கற தாள்மா."

"அப்ப நோட்டைக் குடுங்க. குடுக்கலைன்னா யார்கிட்ட புகார் பண்ணணும்னு கீழே நம்பரும் போட்டிருக்கு."

கருணைக்கு அசையாத குறிப்பேடு புகாருக்கு அசைந்தது. முத்து முத்தான கையெழுத்து. 'கடிதம் எரிக்கப்படுகிறது. பழைய பணியில் மீண்டும் நியமனம். திங்கள் காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் சேர வேண்டும், தவறினால் ரத்து. பெண் எதிர்ப்புக் காட்டவில்லை.'

அன்று சனிக்கிழமை.

"எதிர்ப்புக் காட்டலையா?" என்றாள். பேராசிரியை கூரையைப் பார்த்தார்.

அவள் உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். சான்றிதழ்களையும் இரண்டு மாற்றுப் புடவையையும் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கொழுந்தன் வாசலை மறித்துக் கையை ஓங்கினான். மேசைமேல் கருவியின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. அந்த ஆய்வு அவளுக்குச் செய்த ஒரே உதவி அது. அதுவும் பேராசிரியை அணைக்க மறந்ததால்.

"இந்தப் படியைத் தாண்டினா திரும்பி வர முடியாது" என்று உறுமினான்.

"சரி."

"அய்யோ, அப்ப ராத்திரிக்கு யாரு சமைப்பா?" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். மூத்த மகனின் நினைவுக்காக அழுகிற அழுகை என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

பேராசிரியை தெருவரை ஓடிவந்தார். "ஏன் போறீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. இல்லைன்னா ஆய்வு அரைகுறையா நின்னுடும்."

"காரணம் சொல்லத் தேவையில்ல மேடம்."

செவிலித் தோழியின் வீட்டில் இரண்டு நாள் தங்கி, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய் வேலையில் சேர்ந்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், பரிசோதனைக் கூடத்து நாற்காலியில் பேராசிரியை வந்து உட்கார்ந்தார். ஆய்வுக்குப் பெரிய பெயர் கிடைத்திருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் ரத்தம் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பேராசிரியை அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். மூன்று நாள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்த முகம்.

"மெதுவா குத்தும்மா. வேலைக்குப் புதுசா?"

"இல்ல மேடம். பழைய ஆள்தான்."

"வெளிநாட்டுல பேசப் போறேன். புருஷனை இழந்துட்டு, வாயைத் திறக்கவே தெரியாம வீட்டுக்குள்ள கிடக்கிற பொண்ணுங்க இருக்காங்களே, அவங்களைப் பத்தி. பாவம், அவங்களுக்காக யாராவது பேசணுமில்ல?"

அவள் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். குழாய் நிறைந்ததும் ஊசியை உருவி, பஞ்சை வைத்தாள்.

"இதை அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அடுத்தவங்க வாங்க!"