ரங்கம்மாளின் சுமைதாங்கி

இரட்டைப் புளியமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிந்தபோதுதான் நாங்கள் எங்கே போகிறோம் என்பது எனக்குப் புரிந்தது. இடது பக்கம் ஏரிக்கரை. வலது பக்கம் மேடேறிக் காட்டுக்குள் போகிற ஒற்றையடித் தடம். முன்னால் போன ஜெயசீலன் சார் வலது பக்கம் திரும்பினார். பின்னால் வந்த ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள். என் மகள் பூர்ணிமாவும் திரும்பினாள், முதுகில் பையோடு, ஐந்து மாத வயிற்றின் மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு.

ஜெயசீலன் சார் வேலூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுகல், இடிந்த கோட்டை, பழைய பாதை என்று தேடிப் போகிற கூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார். பூர்ணிமா வாணியம்பாடியில் டீச்சர். அவளோடு வேலை பார்க்கும் சகீனாதான் அவளை இதில் இழுத்துவிட்டது. என் மருமகனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. ஷிப்மெண்ட் நேரம், ஞாயிறும் டூட்டி. டாக்டரம்மா நன்றாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்தான். ஆனால் இரண்டு முறை தங்காமல் போன வயிறு. அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆலங்காயம் பக்கம் கல் பார்க்கப் போகிறோம் என்றாள், கூட வந்தேன். காலையில் சோளக்கொல்லை ஓரமாக ஒரு நடுகல்லில் மைதா மாவைத் தூவித் துடைத்து எழுத்துப் பார்த்தார்கள். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. புளியமரம் வரும்வரை.

அந்தத் தடத்தில் நான் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன், கல்யாணமான புதிதில், என் மாமியாரோடு. அந்தக் காலத்தில் மலைக்காட்டில் ஆவாரம்பட்டை உரித்துக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக இந்த வழியில்தான் இறங்குவார்களாம், வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்கு. தோலைப் பதமாக்க அந்தப் பட்டைதான் வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா ரங்கம்மாளும் அப்படி இறங்கியவள். நிறைமாதத்தில் தலையில் கட்டோடு இறங்கும்போது வலி கண்டு, மேட்டிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. புருஷன் வீட்டார் எட்டிப் பார்க்கவில்லை. மாமியார்தான் அந்த இடத்தில் சுமைதாங்கி வைத்தார். நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் செத்தவளின் வயிற்றுச் சுமை குறையும் என்று நம்பிக்கை. எனக்கு அன்றைக்குக் கல்லைக் காட்டிவிட்டு மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வயித்துல புள்ளைய வச்சிக்கினு இது பக்கம் வராத. எங்க இறக்கலாம்னு அவ சொமை தேடிக்கினே நிக்கும்." பூர்ணிமாவுக்கு நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. முதல் பிள்ளை தங்காமல் போனபோது சொல்ல வேண்டாம் என்று இருந்தோம். இரண்டாவது தடவைக்குப் பிறகு சொல்லவே கூடாது என்று ஆகிவிட்டது.

முட்டி வலிக்கிறது என்றேன். சகீனா உடனே ஒரு குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்தாள். ஏரிக்கரைப் பக்கம் நிழல் ஜாஸ்தி, அப்படிப் போகலாமே என்றேன். பூர்ணிமா திரும்பிப் பார்க்காமலே, "நீ வேணா மரத்தடில உக்காரும்மா, நான் பாத்துட்டு வர்றேன்" என்றாள். உட்கார முடியுமா? நடந்தேன். அவள் கால் வைக்கிற கல்லையெல்லாம் நான் முதலில் கண்ணால் மிதித்துப் பார்த்தேன். ஆவாரஞ்செடிகள் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. உரிக்க ஆள் இல்லாத பட்டை. பூர்ணிமா போகிற போக்கில் ஒரு கிளையை ஒடித்துப் பையின் பக்கவாட்டில் சொருகிக்கொண்டாள். இப்போது இந்த வழியில் யார் வருகிறார்கள், முள் வளர்ந்து கல்லை மூடியிருக்கும், கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்லை முள் மூடியிருந்தது. ஆனால் ஜெயசீலன் சார் கண்ணுக்குத் தப்பவில்லை. குச்சியால் ஒதுக்கினார். நட்ட கல் இரண்டும் நின்றன. மேல்பலகை கீழே விழுந்து, ஒரு முனை மண்ணில் புதைந்து கிடந்தது. மாமியார் இருந்தவரை வருஷா வருஷம் பொங்கல் கழித்து யாரையாவது அனுப்பிக் கல் நிற்கிறதா என்று பார்த்துவரச் சொல்வார். அவர் போன பிறகு யாரும் போகவில்லை. பலகை எப்போது விழுந்ததோ. பூர்ணிமாவின் முதல் பிள்ளைக்கு முன்னாலா, பின்னாலா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

சார் டேப்பை நீட்டி அளந்தார். சுமைதாங்கி என்றால் என்ன, ஏன் வைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். கல்லைத் தடவிக்கொண்டே, "இது எப்படியும் இருநூறு வருஷம் இருக்கும்" என்றார்.

"சார் துணி தொவைக்கிற கல்லுக்கே நூறு வருஷம் சொல்லுவாரு" என்றாள் சகீனா. எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் பேரம் பேசி வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த கல் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூர்ணிமாவும் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை.

பலகையைத் தூக்கி வைத்துவிடலாம் என்று சார் சொன்னதும் ஆண்கள் நான்கு பேர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். பூர்ணிமா பக்கத்தில் போய், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் போய் நின்றேன்.

"கொஞ்சம் இருங்க. எம்பொண்ணு மொதல்ல கீழ போவட்டும்."

"கையை நசுக்கிடும்னு பயப்படறீங்களாம்மா? அவங்க தொட மாட்டாங்க" என்றார் சார்.

"தொட வேணாம். இங்க நிக்கவும் வேணாம். சகீனா, நீ இவள இட்டுக்கினு போம்மா."

சகீனா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆண்கள் குனிந்தது குனிந்தபடி நின்றார்கள். பூர்ணிமா நகரவில்லை.

"இன்னா காரணம்னு சொல்லு, போறேன்" என்றாள்.

என்ன சொல்வது? பாம்பு இருக்கும், வெயில் ஏறுகிறது என்று என்னென்னவோ வாய்வரைக்கும் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ரங்கம்மா அத்த கல்லுன்னு சொல்றதுக்கு இவ்ளோ கஷ்டமாம்மா?"

"உங்கப்பா சொன்னாரா?"

"ரெண்டாவது போனப்ப. ஆஸ்பத்திரி வராண்டால ஒக்காந்து அழுதாரு. எங்கக்கா கல்லு வுழுந்து கெடக்குதோ இன்னாவோ, போயி பாக்கலன்னு. சார்கிட்ட இந்தத் தடத்துல போவலாம்னு கேட்டதே நான்தான்."

"தெரிஞ்சுமாடி வந்த? அதுவும் இப்படி இருக்கறப்ப?"

"இப்படி இருக்கறப்பதான் வரணும்னு தோணிச்சி." அவள் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தைக்காவது ஒரு கல்லு வச்சீங்க. எனக்கு ரெண்டு போச்சி. மறு வாரமே ஸ்கூலுக்குப் போன்னு அனுப்பிட்டீங்க. அத நான் எங்கம்மா இறக்கி வைக்கறது?"

மாமியார் சொன்னது ஒரு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் சொன்னது இன்னொரு காதில். அந்த இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளுக்கு ரசம் சோறு பிசைந்து கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுவாள் என்று.

"தூக்கலாமா மேடம்?" என்று சார் கேட்டார்.

பூர்ணிமா என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். அவள் சார் பக்கம் திரும்பி, சரி என்று தலையை ஆட்டினாள். நான்கு பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். பலகை ஒரு பக்கம் ஏறி, சறுக்கி, மறுபடியும் ஏறியது. புதைந்திருந்த முனையில் ஈரமண் ஒட்டியிருந்தது. உட்கார்ந்தபோது ஒரு பக்கம் லேசாக ஆடியது. சார் சப்பையாக ஒரு கல்சில்லைத் தேடி அடியில் செருகினார். இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, போகப் போகப் படிந்துவிடும் என்றார். சகீனா எதைப் புரிந்துகொண்டாளோ, எல்லோரையும் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுக்கிற சாக்கில் கீழே நிழலுக்கு இறங்கிப் போனாள்.

பூர்ணிமா முதுகிலிருந்து பையைக் கழற்றினாள். நான் ஓடிப்போய் அவளுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையை என் பக்கம் நீட்டினாள்.

"அப்ப நீ வைம்மா."

தண்ணீர் பாட்டில், துண்டு, குடை. அவ்வளவுதான் இருந்திருக்கும். ஆனால் வாங்கியபோது கை தாழ்ந்தது. பலகையின் நடுவில் வைத்தேன். கல் ஒரு தடவை என் பக்கம் சாய்ந்து, திரும்பி அவள் பக்கம் சாய்ந்தது. பையில் சொருகியிருந்த ஆவாரங்கிளையிலிருந்து இரண்டு மூன்று பூ உதிர்ந்து பலகைமேல் விழுந்தது.

பூர்ணிமா தோள்களை ஒரு தடவை உலுக்கிக்கொண்டு, வெறும் முதுகோடு, சரிவில் கால் பார்த்துப் பார்த்து இறங்கத் தொடங்கினாள். "எடுத்துக்கினு வாம்மா" என்ற குரல் மட்டும் கேட்டது. நான் பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, செருகியிருந்த அந்தச் சில்லையே பார்த்தபடி, கல்லின் ஆட்டம் நிற்கட்டும் என்று நின்றேன்.