பெயின்ட் படாத இடம்

பெயின்டர் வீட்டில் வெறும் இரும்பு என்று ஒன்று கிடையாது. ஜன்னல் கம்பி, கட்டில் கால், பீரோ, வாளியின் கைப்பிடி வரைக்கும் இரண்டு கோட் எனாமல், அதன் மேல் ஒரு கோட் வார்னிஷ். டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு முறை மனைவி அப்போது வேலை பார்த்த ரெடிமேட் கம்பெனி கேட்டுக்கு அடிக்கப் போனவர் பூட்டையும் சேர்த்து அடித்துவிட்டார். மறுநாள் சாவி நுழையவில்லை. சூப்பர்வைசரம்மா முதற்கொண்டு அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள்.

போன வருஷம் மனைவியின் எம்பிராய்டரி மிஷின் பக்கம் பிரஷ்ஷோடு வந்தார். ஸ்டாண்டை அவள் விட்டுக்கொடுத்தாள். துணி ஓடுகிற இரும்புத் தட்டை மட்டும் விடவில்லை.

"இது மேல பிரஷ் பட்டுச்சுன்னா சாப்பாட்டுக்கு வேற வீடு பாத்துக்குங்க" என்றாள்.

தட்டு தப்பித்தது. ஸ்டாண்டு பச்சைப் பசேலென்று ஆனது.

அந்த மிஷின்தான் பத்து நாளாக வாயைத் திறக்காமல் கிடந்தது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது. அந்த மிஷினை நம்பித்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கம்பெனி வேலையை விட்டாள். அங்கே பத்து வருஷம் காலர் மட்டும் தைத்தவள் அவள். காலர், காலர், காலர். கைக்கு வந்த சட்டைக்கு உடம்பு உண்டா என்றுகூட அவளுக்குத் தெரியாது. நேற்று சூப்பர்வைசரம்மா போன் செய்து, "உன் பழைய சீட் காலியா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லு" என்றாள். மிஷின் ஓடாவிட்டால் மறுபடி காலர்தான்.

மெக்கானிக் வெளியூரில் இருந்தான். புது போர்டையும், அதோடு கையில் கட்டுகிற ஒரு பட்டையையும் பார்சலில் அனுப்பிவிட்டுப் போனில் பாடம் நடத்தினான்.

"இந்த மாடலுக்கு இதுதான் அக்கா கடைசி போர்டு. உடம்புல சேர்ந்திருக்கற கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. சும்மா தொட்டாலே போர்டு செத்துரும். அதனால பிளக்கைப் பிடுங்கிடுங்க. நைலான் துணி வேண்டாம். பட்டையைக் கையில கட்டி, வயர் நுனியில இருக்கற கிளிப்பை மிஷின் இரும்புல மாட்டுங்க. அப்புறம் போர்டைத் தொடுங்க."

தையல்காரிக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை. லைனிங் துணி கையில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிப்பதும், நைலான் துணியை உதறினால் பொறி தெறிப்பதும் அவள் தினம் பார்க்கிற கூத்து. மதியமே பருத்தி நைட்டிக்கு மாறி, பிளக்கைப் பிடுங்கி, பட்டையைக் கையில் கட்டிக்கொண்டாள். கிளிப் மாட்டுகிற பொறுப்பைப் பெயின்டர் ஏற்றுக்கொண்டார்.

"நல்ல இடமா பாத்து மாட்டிட்டேன். நீ கவலைப்படாம வேலையைப் பாரு."

பழைய போர்டில் பன்னிரண்டு வயர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டி, அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு கழற்றினாள். இடது முழங்கை வழக்கம்போலத் தட்டின் மேல் ஊன்றியிருந்தது. அப்படி ஊன்றாமல் அவளுக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. புது போர்டின் உறையைத் தட்டின் மேலேயே வைத்துப் பிரித்து, போர்டை ஓரமாகப் பிடித்து எடுத்துப் பொருத்தினாள். கடைசித் திருகை முடுக்கும்போது மெக்கானிக் போன் செய்தான்.

"கிளிப்பை எதுல மாட்டினீங்க அக்கா?"

"ஸ்டாண்டுல."

"பெயின்ட் அடிச்ச ஸ்டாண்டா?"

அவள் பெயின்டரைப் பார்த்தாள். பெயின்டர் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"பெயின்ட் மேல மாட்டினா மாட்டாத மாதிரிதான் அக்கா. கரண்ட் இறங்கவே இறங்காது."

"மூணு கோட்" என்றார் பெயின்டர் ஈன சுரத்தில்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி போர்டு. தன் கையாலேயே கொன்றுவிட்டோமே! திட்டலாம் என்று திரும்பினாள்; அவர் முகம் அதற்கு முன்பே செத்திருந்தது.

"அக்கா, வேலை செய்யும்போது கை எங்க இருந்துச்சு?"

"இடது கை தட்டு மேலதான். எப்பவும் அங்கதான் இருக்கும்."

"அந்தத் தட்டுலயும் பெயின்ட் இருக்கா?"

"இல்ல" என்றாள். சொல்லும்போதே குரல் மாறியது. "அதுல அடிக்க நான் விடல."

"போர்டைத் தொட்ட நேரமெல்லாம் கை அங்கயே இருந்துச்சா?"

"எடுக்கவே இல்லப்பா."

"அப்ப உடம்புல இருந்த கரண்ட் அந்த வெறும் இரும்புல இறங்கியிருக்கும். பட்டை செய்ய வேண்டிய வேலையை உங்க முழங்கை செஞ்சிருக்கும். பயப்படாம போட்டுப் பாருங்க."

அவள் பிளக்கைச் சொருகினாள். பெயின்டர் பீரோ பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சுவிட்சைத் தட்டியதும் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. மிஷின் ஒரு முறை 'கீக்' என்றது. ஒரு கழிவுத் துணியை மாட்டி ஓடவிட்டாள். ஊசி இறங்கி ஏறி, ஓர் இலையை ஒழுங்காகப் போட்டு, காம்பையும் போட்டு நின்றது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

பெயின்டர் உள்ளே போய் எதையோ எடுத்து வந்து ஸ்டாண்டுக்கு அடியில் குந்தினார்.

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கையில் சூப்பர்வைசரம்மா கூப்பிட்டாள்.

"என்ன முடிவு பண்ணின?"

"வரலைங்க மேடம். மிஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"சரி, நல்லா இரு. அங்க என்ன சரக் சரக்குன்னு சத்தம்?"

"உப்புத்தாள் மேடம். கிளிப் மாட்டறதுக்கு இவரு ஸ்டாண்டுல பெயின்டைச் சுரண்டறாரு."



"பெயின்டைச் சுரண்டறாரா? யாரு, உன் வீட்டுக்காரரா?"

"அவரேதான்" என்றாள்.