மீன் மந்தம், கேக் பிரமாதம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. மீன் வெட்டும் மேசையருகே பொறுக்கி எடுத்தேன். எங்கள் தூண்டில் சங்கத்தின் ஆண்டுப் பயணம் முடிந்து, ஆஸ்திரேலியாவின் யெப்பூன் துறையில் படகு கரையேறிய மாலை, பயணம் எப்படி என்று செஃபோவிடம் கேட்டேன். படகோட்டியவன் அவன். சமோவாக்காரன். ஒரு சொல்லால் முடியும் காரியத்துக்கு இரண்டு சொற்களைச் செலவிடாதவன்.

“மீன் மந்தம். கேக் பிரமாதம்.”

“ஈயம் யாருகிட்ட இருக்கு?”

அவன் சிரித்தான். குழாயைத் திறந்து மேசையைக் கழுவத் தொடங்கினான்.

“ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வருவேல்ல? வந்து பாரு.”

அவன் கழுவுமுன் மேசையில் செதில்கள் இருந்தனவா என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதைக்குத் தேவை ஏற்பட்டிராது. ஞாயிறன்று உண்மை எல்லார் கண்ணிலும் பட்டுவிடும். உண்மை வந்து அமர்ந்தபின் கதைக்கு நாற்காலி கிடைப்பதில்லை. ஆகவே, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: *அன்று கடல் ஒரு கண்ணாடியைப் போல—*

[நீக்கம். கடலைக் கண்ணாடியாக்காத எழுத்தாளர் எவரேனும் இருந்தால் அவருக்கு என் வணக்கம். மேலும், அன்று நான் அங்கே இல்லை. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே எனக்குக் குமட்டத் தொடங்கிவிடும். ஆகையால் சங்கத்தில் எனக்குக் கரைப்பணி. ஆண்டு விருந்தில் சாசேஜுக்கு வெங்காயம் வதக்குவது என் பொறுப்பு. அதைத் தனியாகச் செய்கிறேன்.]

இரண்டாம் தொடக்கம்: *கணவர் லென்னின் சாம்பலைக் கரைத்த பவளப்பாரைத் தேடி நோரீன் பாஸ்கோ மீண்டும்—*

[நீக்கம். சாம்பல் கதைக்குக் கனம் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் லென் உயிரோடு இருக்கிறார். இதை எழுதிய மறுநாள் காலை அவரைத் தபால் நிலையத்தில் பார்த்தேன். முந்தைய நாள் தாளில் கொன்ற ஒருவரிடம் நலம் விசாரிப்பது அத்தனை எளிதன்று. அவரோ மிகுந்த நலத்துடன் இருந்தார். அவர் சொன்ன ஒரு செய்தியை நான்காம் பகுதியில் பயன்படுத்துவேன்.]

மூன்றாம் தொடக்கம்: *நோரீன் பாஸ்கோவின் கழுத்தில் ஈயம் தொங்கியது.*

இது நிற்கட்டும். உண்மை; குறுகியது; உவமை இல்லாதது.

3

ஈயம் என்பது தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் பெரிய ஈயக்குண்டு. யாரோ அதற்குப் பொன்வண்ணம் பூசிக் கயிற்றில் கோத்தார்கள். அதை அணிந்தவரே பயணத் தலைவர். எந்தப் பவளப்பாரில் நங்கூரம் போடுவது என்று தீர்மானிப்பவர். அந்தக் குண்டு கழுத்தைவிட்டு இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சட்டம் கேட்கும் அளவுள்ள மீன் ஒன்றுகூட இல்லாமல் படகு திரும்புவது. மற்றொன்று, தலைவர் இருக்கும்போது படகில் வாழைப்பழம் ஏறுவது. நம் வீட்டு வாசலில் வாழை கட்டினால் கல்யாணம். இந்தப் பக்கத்துப் படகுகளில் வாழைப்பழம் ஏறினால் இழவு. அது மீனை விரட்டும் என்பது இவர்களின் அசையாத நம்பிக்கை. புறப்படுமுன் ஒவ்வொருவர் பையையும் தலைவர் திறந்து பார்ப்பார். தலைவரின் கேக் டப்பாவை மட்டும் எவரும் திறந்து பார்ப்பதில்லை.

ஈயத்தை இழந்தவருக்கு அடுத்த ஆண்டு படகில் இடமில்லை. அந்த ஞாயிறு விருந்திலிருந்தே அவருக்குக் கரைப்பணி. அதாவது, வெங்காயம்.

நோரீனுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. “ஒரு வருஷம் கரைன்னா, அப்புறம் எல்லா வருஷமும் கரைதான்” என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போது என் வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகில் ஐந்து பேர். கதையில் மூன்று பேர். மற்ற இருவருக்கும் பெயர் வைத்தால் பேசத் தொடங்குவார்கள்.

மூன்றாமவன் டாரல். அவனைக் கெட்டவனாக எழுத மிகவும் முயன்றேன், ஒத்துழைக்கவில்லை. புதிதாக வாங்கிய மீன்காட்டும் கருவியை எல்லாருக்கும் காட்ட விரும்புகிறான் என்பதைத் தவிர அவனிடம் குற்றமில்லை. அவனுக்கு ஈயம் வேண்டும். தனக்குப் பிடித்த தூரத்துப் பாருக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.*

[* இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், தமிழில் எழுதுபவனுக்கோ நீயா, நீங்களா என்று தீர்மானிக்கும் தொல்லை உண்டு. டாரல் நோரீனை ‘நீங்க’ என்பதாக எழுதிப் பார்த்தேன். உடனே நல்ல மருமகன் ஆகிவிட்டான். ஆகவே ‘நீ’. செஃபோ மட்டும் அவரை ‘நீங்க’ என்பான். அவன் வளர்ந்த வீட்டில் மூத்த பெண்களிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.]

காலை முழுவதும் கடல் எதையும் தரவில்லை. தந்தவையும் உள்ளங்கையளவுக் கிளிமீன்கள். கொக்கியைக் கழற்றியதும் திரும்பிப் போயின.

“நோரீன், இந்தப் பார்ல மீனே இல்ல. என் பெட்டியப் பாரு, ஒரு புள்ளிகூட வரல.”

“உன் பெட்டிக்குப் பசிக்காது, டாரல். மீனுக்குப் பசிக்கும். பொறு.”

“எப்பப் பசிக்கும்? கிறிஸ்துமஸுக்கா?”

அப்போது செஃபோவின் தூண்டிலில் தங்கூசி இழை விண்ணென்று இழுபட்டது. கனமான மீன். எல்லாரும் எழுந்தார்கள். பாதி ஆழம்வரை வந்தது; திடீரென்று பாரம் குறைந்தது. படகுக்குள் வந்து விழுந்தது தலை மட்டும். மிச்சத்தைச் சுறா எடுத்துக்கொண்டிருந்தது.

“வரி கட்டியாச்சு” என்றான் செஃபோ.

“தலைய மட்டும் அளந்தா கணக்குல வருமா?” என்றார் நோரீன்.

“தலைய அளக்கறதுன்னா முதல்ல உன் தலைய அளக்கணும்” என்றான் டாரல். “எந்த ஊர்ல தலைய மட்டும் தட்டுல வைப்பாங்க?”

“எங்க வீட்டுல வைப்போம்” என்றான் செஃபோ. “தலைக்குத்தான் அடிதடியே.”

4

நண்பகலில் கேக் வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் கேக் சுடுபவர் நோரீன். இந்த முறை அவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு, லென் சுட்டார். லென் புல்தரையில் பந்து உருட்டி விளையாடுபவர். மனைவியின் மீன்பிடிப்பைப் பற்றி நாற்பது ஆண்டுகளில் ஒரு கேள்வியும் கேட்காதவர். இல்லறம் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று இருவரும் தனித்தனியே சொல்வதுண்டு.

எல்லாரும் இரண்டிரண்டு துண்டு தின்றார்கள். டாரல் மூன்று.

“பட்டை வாசம் தூக்குதே! லென்னை நம்ம சங்கத்துல சேத்துரலாம்.”

“அவருக்குக் கடல்னா ஆகாது.”

“கடலுக்கு எதுக்கு வரணும்? கேக்க மட்டும் அனுப்பச் சொல்லு.”

தலைவர் கடைசியில்தான் தின்பார். நோரீன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

இந்த இடத்தில் அவருடைய மனத்துக்குள் நுழைய எனக்கு உரிமை உண்டு, நுழைகிறேன். அங்கே வீட்டுப் பின்புறத்து மரம் நின்றது. அதில் கனிந்து கருத்துக்கொண்டிருந்த குலை தொங்கியது. பக்கத்தில், எதையும் வீணாக்கத் தெரியாத லென் நின்றார்.

[தபால் நிலையத்தில் லென் சொன்னது இதுதான்: “பழம் கனிஞ்சு போச்சுப்பா. வீணாப் போகுமேன்னு கேக்குல பிசைஞ்சு போட்டுட்டேன். எல்லாரும் பிரமாதம்னாங்களாமே?” என்ன பழம் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இப்போது இச்செய்தி நோரீனுக்கும் எனக்கும் உங்களுக்கும் தெரியும். லென்னுக்கும் தெரியும், ஆனால் தமக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது லென்னுக்குத் தெரியாது. சங்கத்தில் தமிழ் படிப்பவர் எவரும் இல்லை. ஆகவே, உங்களை நம்புகிறேன்.]

ஓர் ஒழுக்கமான கதையில், நோரீன் இப்போது எழுந்து நின்று உண்மையைச் சொல்லி ஈயத்தைக் கழற்றியிருப்பார். அப்படியும் ஒரு பத்தி எழுதினேன். மிக அழகாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட நம்ப முடியவில்லை.

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். டப்பாவை நீட்டினார்.

“டாரல், இன்னொரு துண்டு எடுத்துக்கோ.”

“போதும், நோரீன். வயிறு வெடிச்சிரும்.”

“லென் கேப்பார்ப்பா. மிச்சம் வந்தா அவருக்கு மனசு தாங்காது.”

டாரல் நல்லவன் என்று முன்பே சொன்னேன். தின்றான். அதற்கடுத்ததையும் தின்றான். சாட்சியத்தை அழிக்க எதிர்க்கட்சியையே பயன்படுத்திய அந்தப் பெண்மணியை, எழுதுபவன் என்ற முறையில், நான் இந்த இடத்தில்தான் முழுமையாக மதிக்கத் தொடங்கினேன்.

டப்பாவின் அடியில் தூள் மிஞ்சியிருந்தது. நோரீன் அதைப் படகுக்கு வெளியே கவிழ்த்துத் தட்டினார்.

5

தூள் விழுந்த இடத்தில் தண்ணீர் சிலிர்த்தது. சிறு மீன்கள் கூடின. சிறு மீன்கள் கூடிய இடத்துக்கு அவற்றைவிடப் பெரியவை வருவது கடலின் வழக்கம். வாழைப்பழம் மீனை விரட்டும் என்பது சங்கத்தின் முடிவு. அது மீன்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை.

[இதை நான் வேண்டுமென்றே செய்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணமில்லை.]

செஃபோ சூரியனைப் பார்த்தான். “கேப்டன், நங்கூரம் எடுக்கச் சொல்லுங்க. இதுக்கு மேல இருந்தா தண்ணி வத்திரும், துறைக்குள்ள நுழைய முடியாது.”

“எடு. அதுக்குள்ள யாராவது கடைசியா ஒரு தடவை போடுங்கப்பா.”

போட்டவன் டாரல். இழுபட்டதும் அவன் தங்கூசிதான்.

“வந்துருச்சு! வந்துருச்சு! வலை எங்க?”

“சீக்கிரம் சுத்துடா, வரிக்காரன் கீழதான் நிக்கறான்!” என்றான் செஃபோ.

நோரீன் சுளுக்காத கையால் வலையை நீட்டி அள்ளினார். உள்ளே ஒரு பவளக்கலவா. சிவப்பு உடலில் நீலப் புள்ளிகள். அடுப்புக்காகவே படைக்கப்பட்டதுபோன்ற மீன். கலவாவுக்குச் சட்டம் கேட்பது முப்பத்தெட்டுச் சென்டிமீட்டர். குறைந்தால் கடலுக்குள் விட்டுவிட வேண்டும்.

அளப்பது தலைவரின் வேலை. ஈரமாக்கிய அளவுப் பலகையில் மூக்கு முனையைச் சேர்த்து வைத்து, நோரீன் மீனை நீட்டினார். வால் முப்பத்தெட்டாம் கோட்டின்மேல் துடித்தது. ஒருகணம் தாண்டியது, மறுகணம் எட்டவில்லை.

டாரலின் முகத்தைப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய ஒரே மீன் அவனுடையது. அது பெரிதாக இருக்க வேண்டும். அது பெரிதாக இருந்தால் ஈயம் நோரீனின் கழுத்திலேயே இருக்கும். ஆகவே அது சிறிதாக இருக்க வேண்டும். இத்தனை நேர்மையான குழப்பத்தை நான் வேறெந்த முகத்திலும் எழுதியதில்லை.

“வால நல்லா நீட்டு, நோரீன்” என்றான். பிறகு, “ரொம்ப நீட்டாத” என்றான்.

“உனக்கு என்னதான்டா வேணும்?”

“தெரியல.”

அவன் ஏப்பம் விட்டான். பெரிய ஏப்பம், ஐந்து துண்டுக் கேக்கின் ஏப்பம். விட்டபின் நாக்கால் அண்ணத்தைத் தடவினான். நெற்றி சுருங்கியது.

“நோரீன்… லென் இந்த கேக்குல போட்டது வா—”

6

அவனை இங்கே நிறுத்திவைத்திருக்கிறேன். எழுதுபவனுக்கு உள்ள ஒரே அதிகாரம் இது.

முடிவை எழுத எனக்குத் தகுதியில்லை என்பதை இப்போது சொல்லிவிட வேண்டும். இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மீன் முப்பத்தெட்டைத் தொட்டது, டாரல் ‘வாதுமைதானே?’ என்று கேட்டு முடித்தான். நோரீன் அடுத்த ஆண்டும் கடலுக்குப் போனார். மற்றொன்றில் மீன் அரைக்கோடு குறைந்தது. அல்லது, டாரலின் வாக்கியம் அது போகவேண்டிய இடத்துக்கே போனது. நோரீன் ஈயத்தைக் கழற்றிக் கரைக்கு வந்தார். முதல் முடிவு நியாயமற்றது. இரண்டாவது நியாயமானது, அதை நான் சந்தேகத்துக்கிடமான வேகத்தில் எழுதினேன்.

காரணம் எளிது. நோரீன் தோற்றால் ஞாயிறு முதல் என் அருகில் நின்று வெங்காயம் வதக்குவார். பல ஆண்டுகளாகத் தனியாக வதக்குகிறேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லை, நோரீனைப்போல் பேசுபவரோ இந்தக் கரையில் வேறு எவரும் இல்லை. ஒரு பெண்மணியின் கடலை எடுத்து என் அடுப்புக்குத் துணை சேர்ப்பவனிடம் அளவுப் பலகையைக் கொடுக்கக் கூடாது.

ஆகவே அதை உங்களிடம் தருகிறேன். வால் கோட்டின்மேல் இருக்கிறது. டாரலின் வாய் ‘வா’வில் திறந்திருக்கிறது. நோரீன் உங்களைத்தான் பார்க்கிறார். கெஞ்சவில்லை, அவருக்கு அது வராது. நிதானமாக யோசிக்கலாம் என்று சொல்ல மாட்டேன். டாரலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்க என்னால் முடியும், மீனை முடியாது. அது தண்ணீருக்கு வெளியே கிடக்கிறது. இந்தப் பத்தியை நீங்கள் படித்த நேரம் முழுவதும் அதன் செவுள்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

சீக்கிரம் சொல்லுங்கள்.

நான் இங்கே கரையில், அடுப்பருகே, இரண்டு கரண்டிகளை எடுத்துவைத்திருக்கிறேன். அதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றைத் திருப்பி வைக்க எனக்குத் தெரியும்.