வெள்ளைக் குதிரைக்குப் போட்ட சூடு

ஸ்ரீரங்கத்துக்கு ஜட்கா இழுத்த எங்கள் வெள்ளைக் குதிரைக்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் முளைத்தன. எதிர்வீட்டு மாரியாயிதான் கண் வைத்துவிட்டாள் என்று என் அண்ணன் பிச்சை தெருவே கேட்கத் திட்டினான். திருஷ்டி போகவென்று கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டிகளின் மேல் சூடு போட்டான். புண் சீழ் பிடித்தது, குதிரை படுத்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கத்தினார். "வெள்ளைக் குதிரைக்கு வயசானா இந்தக் கட்டி வரத்தான்யா செய்யும். சும்மா விட்டிருந்தா இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். நீ போட்ட சூட்டுப் புண்ணுதான் இப்ப அதைக் கொல்லுது!"

மறுநாள் குதிரை செத்தது. அண்ணன் மாரியாயி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினான். "கொள்ளிக்கண்ணி! கொன்னுட்டியேடி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பியை எடுத்துப்போய் மாரியாயி கையில் கொடுத்தேன்.

"காய்ச்சுங்கக்கா. இவன் வாயில போடுங்க."