பெனிதா ருசி பார்த்த ஒயின்

இலாரியோவுக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. உப்பும் புளிப்பும் தெரிந்தன. ஒயினின் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. தோரோ ஊரில் முப்பது வருஷமாகக் கறுத்த, முரட்டு ஒயின் போடுகிறவன் இதை யாரிடம் சொல்வான்? மனைவி பெனிதாவிடம் மட்டும் சொன்னான். அன்றிலிருந்து பீப்பாய்களை ருசி பார்ப்பது அவள் வேலையாயிற்று.

பெனிதாவுக்கு ஒயின் மேல் பெரிய பிரியம் கிடையாது. வெறுமனே குடித்தால் அவளுக்கு எல்லாம் ஒரே எரிச்சல்தான். சாப்பாட்டோடு குடித்தால்தான் வித்தியாசம் பிடிபடும். எது ஆட்டுக்கறியின் கொழுப்பை அறுத்துக்கொண்டு இறங்குகிறது, எது பாலாடைக்கட்டியோடு சேர்ந்து கசக்கிறது என்று சொல்வாள். அதை வைத்து இலாரியோ வெவ்வேறு பீப்பாய் ஒயின்களை ஒன்றாகக் கலப்பான். போன வருஷ ஒயினை அப்படித்தான் கலந்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வாரம் முழுக்கத் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றதில் பெனிதாவின் கால்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் காலையிலேயே எழுந்து மண்சட்டியில் ஆட்டுக்குட்டித் தொடையைச் சுட வைத்தாள். ரத்தமும் அரிசியும் அடைத்த குடலை வறுத்தாள். செம்மறிப் பாலாடைக்கட்டியை நறுக்கினாள். மதியம் மேசையில் ஆறு கிளாஸ் இருந்தன, ஆறு பீப்பாயிலிருந்து.

நாலாவது கிளாஸை அவள் கீழே வைத்ததும் எப்படி என்று இலாரியோ கேட்டான்.

"நல்லா இருக்கு."

"முன்னாடி மூணுக்கும் இதையேதான் சொன்ன. கறியோட இன்னொரு வாய் குடிச்சுப் பாரு. செவ்வாக்கிழமைக்குள்ள கலக்கணும்."

அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"என்னால முடியல இலாரியோ. ரெண்டு வருஷமா ஒரு வாய் நிம்மதியா தின்னதில்ல. வாயில வைக்கிறதுக்குள்ள எப்படி எப்படின்னு நிக்கிற. உங்கக்காகிட்ட சொல்லிடு."

அக்கா ரெமே எதிர்வீடு. திராட்சைத் தோட்டத்தில் பாதி அவளுடையது. வாய்த்துடுக்கு முழுவதும் அவளுடையது. மூக்கு போனவனுக்குத் தோட்டம் எதற்கு, விற்றுவிடு என்பாள் என்றுதான் இலாரியோ இத்தனை நாள் பயந்திருந்தான். இப்போது கோட்டை மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போனான்.

அரை மணி நேரத்தில் இருவரும் வந்தார்கள். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான் என்பது ரெமே வந்த விதத்திலேயே தெரிந்தது. கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கறியைப் பிய்த்து வாயில் போட்டு, ஆறு கிளாஸிலும் ஒவ்வொரு மடக்குக் குடித்தாள்.

"அப்போ போன வருஷ ஒயினு?"

"பெனிதா சொன்னபடி கலந்தது."

"வயசாக ஆகத்தான் தம்பிக்குப் புத்தி வருதுன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேன்," என்றாள் ரெமே. பெனிதா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லாதேன்னு கெஞ்சினான்."

அதன்பின் ரெமே தம்பியைத் திட்டினாள். ஆனால் விற்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இனிமேல் தானே ருசி பார்ப்பதாகச் சொன்னாள். தன் நாக்கு சிகரெட்டில் பாதி செத்தது என்பதால், வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் பெனிதாவும் தன்னோடு உட்கார்ந்தால் போதும் என்றாள்.

"ஒரு நாளும் வேண்டாம்," என்றாள் பெனிதா.

ரெமே வற்புறுத்தவில்லை. இரண்டாவதையும் ஐந்தாவதையும் கலக்கலாம் என்று தம்பியிடம் சொன்னாள். கறிக்கு அதுதான் சரி என்றாள், அவ்வளவு நிச்சயமில்லாத குரலில். இலாரியோ குறித்துக்கொண்டான். சரிதானா என்று அவன் கண் மனைவியிடம் போனது. அவள் நிமிரவில்லை.

தனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மொறுமொறுவென்று சிவந்த தோலுள்ள துண்டாகப் பார்த்து எடுத்துத் தின்றாள். உப்பு ஒரு துளி கூடியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.